மறைச்சொல்லைப் படித்துக் காட்டிய இரவு

ஈராண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை இரவு பத்து மணியிருக்கும். நான் தொண்டூழியம் செய்த துணைப்பாட வகுப்பின் ஒருங்கிணைப்பாளர் கைப்பேசியில் அழைத்தார்.

"தம்பி, மறைச்சொல் மறந்துபோச்சு. நாளைக்கு வருகைப் பதிவு அனுப்பணும். கொஞ்சம் பாத்துச் சொல்றியா?"

அப்போது நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். அந்த வகுப்பின் இணையத்தளத்தை விடுமுறையில் நானே உருவாக்கியிருந்தேன். தரவுத்தளத்தைத் திறந்தேன். அவர் பெயருக்கு நேரே மறைச்சொல் எழுத்து மாறாமல் இருந்தது. ஒரு பெயரும் ஒரு வருடமும். படித்துக் காட்டினேன்.

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. அது காலமான அவருடைய கணவரின் பெயர்.

"அதேதான் தம்பி. என் இமெயிலுக்கும் இதைத்தான் வச்சிருக்கேன். உனக்கு எல்லாருடையதும் தெரியுமா?"

தெரியும். பெற்றோர், ஆசிரியர், மாணவர் என 118 பேருடைய மறைச்சொற்களும் என் கணினியில் திறந்த புத்தகமாகக் கிடந்தன. போதாக்குறைக்கு, வாரம் ஒருமுறை தரவுத்தளத்தின் நகல் தானாகவே எனக்கும் செயற்குழுவினர் இருவருக்கும் மின்னஞ்சலில் போய்க்கொண்டிருந்தது. அந்த ஏற்பாட்டையும் நான்தான் பெருமையோடு செய்து வைத்தேன்.

இந்தத் தவறு பெரிய நிறுவனங்களுக்கும் புதிதல்ல. 2009இல் 'ராக்யூ' என்ற அமெரிக்க நிறுவனத்தின் தரவுத்தளத்துக்குள் ஒருவர் புகுந்தபோது, 32 மில்லியன் மறைச்சொற்கள் அப்படியே வாசிக்கும் நிலையில் கிடைத்தன. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது '123456'.

மறைச்சொல்லை இணையத்தளம் நினைவில் வைத்திருக்கவே தேவையில்லை என்பது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. அரிசியை அரைத்து மாவாக்கினால் அந்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது அல்லவா? அதுபோல மறைச்சொல்லை ஒரு கணக்கீட்டில் அரைத்து, கிடைக்கும் நீண்ட எழுத்துத் தொடரை மட்டும் சேமிக்க வேண்டும். இதற்கு 'ஹேஷ்' என்று பெயர். பயனர் அடுத்த முறை நுழையும்போது அவர் தட்டச்சு செய்ததை மீண்டும் அரைத்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. இருவர் ஒரே மறைச்சொல்லை வைத்திருந்தால் இருவருக்கும் ஒரே மாவுதான் வரும். அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஏதோ சில எழுத்துகளைச் சேர்த்து அரைக்கிறார்கள். இதைத் துறைக்காரர்கள் 'உப்பு' என்றே அழைக்கிறார்கள்! பெல் ஆய்வுக்கூடத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் யூனிக்ஸ் மறைச்சொற்களைப் பற்றி 1979இல் எழுதிய கட்டுரையிலேயே இந்த உப்பு இருக்கிறது. அரைப்பது வேண்டுமென்றே மெதுவாக நடக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. பயனருக்கு அரை நொடி தாமதம் பெரிதல்ல. கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கும் திருடனுக்கு அதுதான் சுமை. 1999இல் வந்த 'பிகிரிப்ட்' முறையில், கணினிகள் வேகமாக ஆக ஆக இந்தச் சுமையையும் கூட்டிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் படித்த பிறகு நுழைவுப் பகுதியை நானே எழுதும் ஆசை போய்விட்டது. 'ஜாங்கோ' என்ற இலவசக் கட்டமைப்புக்கு மாறினேன். அதில் உப்பும் மெதுவான அரைப்பும் முன்கூட்டியே இருக்கின்றன. பழைய மறைச்சொற்கள் அனைத்தையும் ஒரே இரவில் அரைத்துவிட்டு, பழைய அட்டவணையை அழித்தேன். மின்னஞ்சலில் தேங்கியிருந்த நகல்களைத் தேடித் தேடி நீக்கத்தான் மூன்று நாள் பிடித்தது.

அதைவிடக் கடினம், 118 பேருக்கும் உண்மையைச் சொல்வது. 'உங்கள் மறைச்சொல்லை என்னால் பார்க்க முடிந்தது. அதையே வேறு எங்கு பயன்படுத்தினாலும் இன்றே மாற்றிவிடுங்கள்' என்று எழுதினேன். ஒரு தந்தை நேரில் வந்து, "எத்தனை மாசமா?" என்று மட்டும் கேட்டார். "ஏழு மாதம்" என்றேன். மகளை அவர் வகுப்பிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால், அன்று முதல் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

ஜாங்கோ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. ஒருமுறை நுழைந்தவரை அது இயல்பாக இரண்டு வாரம் நினைவில் வைத்திருக்கும். வீட்டுக் கணினிக்கு அது வசதி. எங்கள் வகுப்பிலோ ஐந்து மடிக்கணினிகளை முப்பது பிள்ளைகள் மாறி மாறிப் பயன்படுத்தினார்கள். தொடக்கநிலை ஆறு மாணவன் ஒருவன் உலாவியைத் திறந்ததும் வேறொருவனின் மதிப்பெண் பக்கம் வந்து நின்றது. அன்றே உலாவியை மூடினால் கணக்கிலிருந்து வெளியேறும்படியும், அரை மணி நேரம் சும்மா இருந்தாலும் வெளியேறும்படியும் மாற்றினேன். தவறான மறைச்சொல்லை எத்தனை முறை முயன்றாலும் ஜாங்கோ தானாகத் தடுப்பதில்லை. அதற்கு 'ஆக்சஸ்' என்ற துணை நிரலைச் சேர்த்தேன்.

செயற்குழுவுடன் ஒரு வாக்குவாதமும் நடந்தது. பெரிய எழுத்து, எண், குறியீடு மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றார்கள். நான் 2018ஆம் ஆண்டு சிங்ஹெல்த் ஊடுருவலை நினைவூட்டினேன். 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்ட சம்பவம் அது. ஊடுருவியவர்கள் பயன்படுத்திய ஒரு நிர்வாகிக் கணக்கின் மறைச்சொல் 'பாஸ்வேர்ட்' என்ற ஆங்கிலச் சொல்தான் என்பது விசாரணையில் வெளிவந்தது. 'ஏ' எழுத்துக்குப் பதில் '@', 'ஓ' எழுத்துக்குப் பதில் சுழியம், முதலெழுத்து பெரியது. செயற்குழு கேட்ட மூன்று விதிகளிலும் அது தேறிவிடும்! அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான 'நிஸ்ட்' 2017இலேயே இப்படிப்பட்ட கட்டாயங்கள் வேண்டாம் என்று வழிகாட்டியது. நீளத்தைப் பார்க்க வேண்டும், பலரும் பயன்படுத்தும் மறைச்சொற்களை மறுக்க வேண்டும் என்றது. ஜாங்கோவில் அப்படி 20,000 சொற்களின் பட்டியல் இருக்கிறது. குறைந்தது 12 எழுத்து, இந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது என்று முடிவானது.

போன மாதம் ஒருங்கிணைப்பாளர் மீண்டும் அழைத்தார். மறந்துவிட்டாராம்.

"என்னால பாக்க முடியாது ஆண்ட்டி. 'மறந்துவிட்டேன்'னு இருக்கும் பாருங்க, அதை அழுத்துங்க. இமெயில்ல ஒரு லிங்க் வரும். ஒரு தடவைதான் வேலை செய்யும்."

"உனக்கு இப்போ நிஜமாவே தெரியாதா?"

"தெரியாது ஆண்ட்டி."

சிரித்துக்கொண்டே அழைப்பைத் துண்டித்தார். ஆசிரியர் கணக்குகளுக்குக் கைப்பேசிச் செயலியில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணையும் இப்போது கேட்கிறோம். ஒன்பது ஆசிரியர்களில் எட்டுப் பேர் செயலியைப் பதிவிறக்கிவிட்டார்கள். ஒன்பதாமவரை வரும் சனிக்கிழமை வகுப்பில் பிடிக்க வேண்டும்.