லயக் காம்பராவில் ஒரு நத்தார் மரம்

கொத்மலை, பூண்டுலோயா, றம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களில் நத்தார் மரம் என்றால் பெரும்பாலும் சைப்ரஸ்தான். பைனஸ் கிளை வைப்பவர்களும் உண்டு. இரண்டுமே இலங்கையின் சொந்த மரங்கள் அல்ல. நம் மலைகளில் நிற்கும் சைப்ரஸ் இனங்கள் மெக்சிகோவிலிருந்தும் கலிபோர்னியாக் கரையிலிருந்தும் வந்தவை. வீட்டுக்குள் மரம் வைக்கும் வழக்கமும் வந்ததுதான். ஜேர்மனியில் தோன்றிய அந்த வழக்கம், விக்டோரியா மகாராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியான பிறகே பிரித்தானியாவில் வீட்டுக்கு வீடு பரவியது. துரைமார் அதைப் பங்களாவுக்குக் கொண்டு வந்தார்கள். பங்களாவிலிருந்து லயத்துக்கு இறங்கி வர அதிக தூரமில்லை.

ஆனால் பங்களாவின் விறாந்தை வேறு, 10 அடிக்கு 12 அடி காம்பரா வேறு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள், பக்கத்திலேயே விறகடுப்பு, ஒரு பிளக்கில் நான்கு வயர். லயத்தில் ஒரு வீட்டில் பிடித்த தீ அந்த வீட்டோடு நிற்பதில்லை என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். சைப்ரஸும் பைனஸும் பிசின் மரங்கள். பச்சையாக, ஈரமாக இருக்கும்வரை எளிதில் பற்றாது. காய்ந்துவிட்டால் ஒரு முழு மரம் எரிய ஒரு நிமிடம்கூடத் தேவைப்படாது. ஆகவே நத்தார் மரத்தைப் பராமரிப்பது என்று நான் சொல்வதெல்லாம் அதைக் காயவிடாமல் வைத்திருப்பதைப் பற்றித்தான். அலங்காரம் அதற்குப் பிறகு.

முதலில், எங்கே வெட்டுவது என்பது. தோட்டத்து மரம் கம்பனியின் பொறுப்பில் இருக்கிறது, பைனஸ் காடுகள் பெரும்பாலும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில். கேட்காமல் வெட்டினால் ஒரு கிளைக்காகப் பொலிஸ் வாசல் ஏற வேண்டிவரும். கேட்டுவிட்டு வெட்டினாலும் கன்றை வேரோடு பிடுங்க வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்து மனிதரை மூடியதைப் பார்த்தவர்கள் நாம். ஒரு கன்றின் வேர் மலையைத் தாங்கிவிடாது, சரி. ஆனால் சரிவில் தோண்டிய குழியில் மழைநீர் இறங்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இளம் மரத்தின் மேற்பாதியை மட்டும் எடுத்து, அடியில் இரண்டு மூன்று சுற்றுப் பச்சைக் கிளைகளை விட்டுவிடலாம். அவற்றில் ஒன்று காலப்போக்கில் நிமிர்ந்து தலைக்கிளையாகும். அடுத்த சில வருடங்களில் அதே அடியிலிருந்து இன்னொரு நத்தார் மரம் கிடைக்கும். இங்கேதான் தேயிலை பழகிய கை தவறும். தேயிலையைக் கட்டையாகக் கவ்வாத்து வெட்டினாலும் துளிர்க்கும். சைப்ரஸ் அப்படியில்லை, பச்சை இல்லாத வெறுங்கட்டையிலிருந்து பெரும்பாலும் துளிர்க்காது.

சந்தையில் வாங்குவதானால் கிளையைப் பிடித்து விரலால் உருவிப் பாருங்கள். இலை கையோடு வந்தால் அது வெட்டிப் பல நாளான மரம். வளைத்தால் வளைய வேண்டும், கசக்கினால் மணக்க வேண்டும். நிறம் மங்கிப் பழுப்படித்திருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அடியில் அரை அங்குலம் அறுத்துவிட்டு உடனே தண்ணீரில் வைக்க வேண்டும். வெட்டுவாயில் பிசின் படிந்து மூடிக்கொண்டால் மரம் நீர் குடிக்காது. வாளியில் அடங்கவில்லை என்று பட்டையைச் சீவ வேண்டாம். நீர் ஏறுவது பட்டைக்கு அடுத்திருக்கும் வெளிமரத்தில்தான். பழைய பெயின்ட் வாளி ஒன்று, நிமிர்த்தி நிறுத்த ஆற்றுக்கல், பச்சைத் தண்ணீர், அவ்வளவுதான். சீனி, அஸ்பிரின் என்று பலர் பலதைச் சொல்வார்கள், எதுவும் தேவையில்லை. தண்டின் ஓர் அங்குலத் தடிமனுக்கு நாளொன்றுக்கு ஒரு லீற்றர் வரை குடிக்கக்கூடும், முதல் நாளில்தான் அதிகம். காலையில் பெரட்டுக்குப் போகும் முன் வாளியைப் பார்ப்பது நல்ல பழக்கம். அடுப்பங்கரைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். மெழுகுதிரி மரத்தில் வேண்டவே வேண்டாம், எல்.ஈ.டி. பல்புச் சரம் அதிகம் சூடாகாது, ஆனாலும் தூங்கும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

இடமிருந்தால் சாடியில் வளரும் அரோக்கேரியா இன்னும் நல்லது. இஸ்தோப்பில் வைத்து வருடக்கணக்கில் பாவிக்கலாம். பிறகு அதை லயத்தின் அருகே நடக்கூடாது, பனையைவிட உயரமாக வளரும். பிளாஸ்டிக் மரம் ஏற்கெனவே இருப்பவர்கள் அதைக் கிழியும்வரை வைத்துக்கொள்ளட்டும். புதிதாக வாங்குவதற்கு நான் ஆதரவில்லை; உடைந்தால் கடைசியில் ஓடைக்குத்தான் போகிறது.

ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாள் முடிந்ததும் மரத்தை எடுத்துவிட வேண்டும். காய்ந்த கிளைகளை அடுப்பில் திணிப்பது எல்லோருக்கும் தோன்றும் வழி. பிசின் குபீரென்று எரியும், பொறி கூரைக்குப் போகும், புகைபோக்கி இருந்தால் அதில் கரி படியும். அதற்குப் பதிலாகச் சரிகை, நூல், கம்பி எல்லாம் கழற்றிவிட்டுக் கத்தியால் சாண் அளவில் நறுக்கித் தேயிலை அடியிலோ மரக்கறிப் பாத்தியின் வரப்பிலோ பரப்பலாம். ஜனவரி, பெப்ரவரியில் மழை குறைந்து பனி கொட்டும் காலம். மூடாக்கு மண்ணின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மண் புளித்துவிடும் என்று பயப்பட வேண்டாம், தேயிலையே அமில மண்ணில் வளர்வது. தண்டு போஞ்சிக் கொடிக்குக் கம்பாகும்.

மாட்டுக்கு மட்டும் போடாதீர்கள். பெர்லின் மிருகக்காட்சிசாலையில் விற்காமல் மிஞ்சிய நத்தார் மரங்களை யானைகள் தின்னும் படங்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள், அது வேறு இன மரம். சைப்ரஸ் இலை தின்ற சினைப்பசுக்கள் கன்றை வீசிவிடுவது நியூசிலாந்தில் நன்கு பதிவான விடயம். கடைசி மாதங்களில் ஆபத்து அதிகம். சம்பளத்துக்கு மேலே ஒரு பசுவின் பாலை நம்பியிருக்கும் வீடு நம்மிடம் நிறைய. நறுக்கிய இலையைப் பட்டியிலிருந்து தள்ளி, மாடு மேயாத இடமாகப் பார்த்துப் போடுங்கள்.