நான்கு சக்கரமும் சுழன்றால் போதுமா?

மாணவர்களே, தைப்பிங் ஏரித் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? மேகம் போர்த்திய புக்கிட் லாருட் மலை தெரியும். ஆங்கிலேயர் காலத்தில் அதற்கு மேக்ஸ்வெல் மலை என்று பெயர். மேலே ஏறும் ஒடுங்கிய சாலையில் 72 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதாகச் சொல்வார்கள். அதில் சொந்தக் காரை ஓட்டிச் செல்ல முடியாது. அரசாங்கத்தின் லேண்ட் ரோவர் வண்டிகள்தாம் பல்லாண்டுகளாகப் பயணிகளை ஏற்றி இறக்கின.

இந்தச் சாலை கட்டி முடிக்கப்பட்ட ஆண்டு 1948. முதல் லேண்ட் ரோவர் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்ததும் அதே 1948இல்தான். அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் ஜீப் வண்டியின் முன்சக்கரங்களுக்குப் புதுவகை ஹப் செய்து விற்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அந்த ஹப் எதற்கு? அதைப் புரிந்துகொள்ள, முதலில் ஒரு வளைவில் சக்கரங்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம்.

கவாத்து சொல்லும் பாடம்

பள்ளியில் கவாத்துப் பழகும்போது ஒரு வரிசை அப்படியே திரும்ப வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்? உள்பக்கம் நிற்பவர் நின்ற இடத்திலேயே கால் மாற்றுவார். வெளிப்பக்கம் நிற்பவர் எட்டு வைத்து வேகமாக நடப்பார். இருவரும் ஒரே வேகத்தில் நடந்தால் வரிசை உடைந்துவிடும்.

வண்டிச் சக்கரங்களும் அப்படித்தான். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.3 மீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி முழு அரைவட்டம் திரும்பினால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 3.14 × 1.3, அதாவது ஏறக்குறைய 4 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வளைவு பெரிதோ சிறிதோ, இந்த வித்தியாசம் மாறாது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால் இந்த 4 மீட்டருக்கு வழியே இல்லை. ஒரு டயர் சாலையில் தேய்ந்து இழுபடும். அதனால்தான் அச்சின் நடுவே டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதியை வைக்கிறார்கள். இயந்திரத்தின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுத்துக்கொண்டே, அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் அது விடுகிறது.

சேற்றில் வரும் சிக்கல்

தார்ச்சாலையில் இவ்வளவு உதவும் டிஃபரன்ஷியல், மழை பெய்த செம்பனைத் தோட்டப் பாதையில் காலை வாரிவிடும். தைப்பிங் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெறும் ஊர்களில் இதுவும் ஒன்று. செம்மண் பாதை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்கு விசையைத்தான் தரும். இடது சக்கரம் வழவழப்பான சேற்றில் இருக்கிறது. அங்கே உராய்வு மிகக் குறைவு. எனவே 100 அலகு விசையிலேயே அது வழுக்கிச் சுழலத் தொடங்குகிறது என்று கொள்வோம். அப்படியானால் கெட்டியான தரையில் நிற்கும் வலது சக்கரத்துக்கும் அதே 100 அலகுதான் கிடைக்கும். வண்டியை நகர்த்த 1,000 அலகு தேவைப்பட்டால்? எண்ணெயை எவ்வளவு மிதித்தாலும் இடது சக்கரம் சேற்றை வாரி இறைக்கும், வலது சக்கரம் சும்மா நிற்கும்.

நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும் இதே கதைதான். முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் வழுக்கினால் போதும், வண்டி அங்கேயே நின்றுவிடும்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

இதற்குத் தீர்வுதான் லாக்கர். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கரத்தை அதன் கூட்டோடு சேர்த்துப் பூட்டிவிட்டால், இரு சக்கரங்களும் ஒரே தண்டில் மாட்டியதைப் போல ஒன்றாகச் சுழலும். கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம் தனக்குத் தேவையான விசை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். சில லாக்கர்கள் காற்றழுத்தத்தால் இயங்குகின்றன: ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் சிறு காற்றுப் பம்பு ஒரு பிஸ்டனைத் தள்ளிப் பூட்டும். சில மின்காந்தத்தால் இயங்குகின்றன. வேறு சில தாமாகவே பூட்டித் தாமாகவே விடுபடுகின்றன.

ஆனால் முன் அச்சில் லாக்கர் பொருத்தும்போது கூடுதல் கவனம் வேண்டும். பின்சக்கரங்கள் தள்ளுவதோடு சரி. முன்சக்கரங்கள் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். பூட்டிய முன்சக்கரங்கள் ஒரே வேகத்தில் சுழல்வதால் வண்டி நேராகப் போகவே பார்க்கும், ஸ்டீயரிங் கனக்கும். ஒருபக்கம் பள்ளமுள்ள மலைச்சாலையில் இறங்கும்போது இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முன்சக்கரம் திரும்புவதற்காக அதன் அச்சுத்தண்டில் மடங்கும் மூட்டு இருக்கிறது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து வைத்தால் அந்த மூட்டு மிகவும் மடங்கியிருக்கும். அந்த நிலையில் அச்சுக்கு வரும் விசை முழுவதும் ஒரே சக்கரத்துக்குப் போனால் மூட்டு முறிந்துவிடலாம். ஆகவே அனுபவமுள்ளவர்கள் சக்கரத்தை நேராக்கிவிட்டே முன் லாக்கரைப் போடுவார்கள், மெதுவாக ஏறுவார்கள், சேறு தாண்டியதும் எடுத்துவிடுவார்கள்.

ஹப் செய்யும் உதவி

இப்போது 1948க்குத் திரும்புவோம். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தில் ஓடும் வண்டிகளில், சாதாரணச் சாலையில் பின்சக்கரங்களே வண்டியைத் தள்ளும். ஆனாலும் சும்மா உருளும் முன்சக்கரங்கள் தம்மோடு அச்சுத்தண்டு, டிஃபரன்ஷியல், அதற்கு விசை கொண்டுவரும் நீண்ட தண்டு எல்லாவற்றையும் சேர்த்துச் சுழற்றும். எரிபொருள் வீணாகும், பாகங்கள் தேயும், இரைச்சலும் வரும்.

வார்ன் விற்ற ஹப் அந்தத் தொடர்பைச் சக்கரத்திலேயே துண்டித்தது. கையால் திருப்பும் ஹப்பில், சக்கரத்தின் நடுவிலுள்ள திருகை ஒரு பக்கம் திருப்பினால் சக்கரம் தனியாக உருளும். மறுபக்கம் திருப்பினால் அச்சுத்தண்டோடு சேர்ந்துகொள்ளும். போரில் ஓடிய ஜீப்புகள் அன்றாடச் சாலைக்கும் ஏற்றவையாக மாறியதில் இதற்கும் பங்குண்டு.

தானாகப் பூட்டும் லாக்கரை முன் அச்சில் வைத்திருப்பவர்களுக்கு ஹப் இன்னும் உதவுகிறது. சாலையில் ஹப்பைத் தளர்த்திவிட்டால் உள்ளே லாக்கர் பூட்டியிருந்தாலும் சக்கரங்களுக்கு அது தெரியாது. ஸ்டீயரிங் இலகுவாக இருக்கும். ஒரே குறை, கையால் திருப்பும் ஹப் என்றால் இறங்கித்தான் திருப்ப வேண்டும். சேற்றில் புதைந்த பிறகு நினைவு வந்தால் முழங்கால் சேற்றில் குனிய வேண்டியதுதான். வருமுன் காப்பதே நல்லது.

பட்டறையில் நடப்பது

லாக்கர் பொருத்துவது திருகைக் கழற்றி மாட்டும் வேலையன்று. அச்சுத்தண்டுகளை உருவி, டிஃபரன்ஷியலை வெளியே எடுத்து, புதிய கூட்டில் பெரிய பல்சக்கரத்தை மாட்ட வேண்டும். பிறகு அந்தப் பெரிய பல்சக்கரத்துக்கும் அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரத்துக்கும் இடையே உள்ள தளர்வை, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை காட்டும் கருவியால் அளக்கிறார்கள். பற்களில் சாயம் பூசிச் சுழற்றி, எந்த இடத்தில் அவை ஒன்றையொன்று தொடுகின்றன என்றும் பார்க்கிறார்கள். இடைவெளி பிசகினால் முதலில் ஊளைச் சத்தம் வரும். பிறகு பல் உடையும். இரும்பு வேலைதான், ஆனால் துல்லியத்தில் கடிகார வேலைக்குச் சளைத்ததல்ல.

ஆக, டிஃபரன்ஷியல் வளைவுக்கு நல்லது, லாக்கர் சேற்றுக்கு நல்லது, ஹப் நெடுஞ்சாலைக்கு நல்லது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் கருவி என்று ஒன்று இல்லை. எங்கே பூட்டுவது, எங்கே விடுவது என்று அறிந்த ஓட்டுநரும் வேண்டும்.

அடுத்த முறை பழைய லேண்ட் ரோவரையோ ஜீப்பையோ கண்டால், முன்சக்கரத்தின் நடுவே பாருங்கள். அங்கே கையால் திருப்பும் சிறு திருகு இருந்தால், அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கவனியுங்கள். அந்த வண்டி இப்போது சாலைக்குத் தயாரா, சேற்றுக்குத் தயாரா என்று உங்களால் சொல்ல முடியும்.