மோட்டார் பழுதில்லை, கியரைப் பாருங்கள்



வன்னியில் வளர்ந்த பெண்ணுக்குச் சைக்கிள் இன்னொரு கால் மாதிரி. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில் பாடசாலைக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் அதில்தான் போனோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். என் அப்பா கிளிநொச்சியில் சிறிய சைக்கிள் கடை வைத்திருந்தார். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 2009இல் அப்பாவையும் கணவரையும் இழந்தேன். முகாமிலிருந்து வெளியே வந்த பின், இரண்டு பிள்ளைகளுடன் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கும் மாமி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தையல்தான் தொழில்.

இங்கே சைக்கிளில் போகும் பெண்களைக் காண்பது அரிது. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. பாதையெல்லாம் ஏற்றம், இறக்கம், வளைவு. நானும் சைக்கிளை மறந்தே போனேன்.

2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. அடுத்த நாளே, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். தைத்த சீருடைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆட்டோ இல்லை. சீட்டுப் பணத்தை எடுத்து, பெடல் அச்சில் மின்மோட்டார் பூட்டிய பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். ஏற்றம் என்ற பயம் போய்விட்டது.

சில மாதங்கள் நன்றாக ஓடியது. பிறகு கியர் மாற்றினால் உடனே விழாது. விழுந்தாலும் செயின் "டக்" என்று துள்ளும். ஒரு மழை மாலையில், ஏற்றத்தின் நடுவில் கியரை மாற்றினேன். செயின் வழுக்கிச் சைக்கிள் அப்படியே நின்றது. பின்னால் லொறி. நான் கான் பக்கம் விழுந்தேன். முழங்காலில் காயம், பதினொரு சீருடைகள் சேற்றில். அன்றிரவு அவற்றை மறுபடி துவைத்தபோது அழுகைதான் வந்தது.

திருத்தும் இடத்தில், "மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். அவர்கள் கேட்ட தொகை என் மூன்று மாதத் தையல் கூலி. கொடுப்பதற்கு முன் அப்பா சொல்வது நினைவுக்கு வந்தது: "முதலில் பின்னால் குந்தியிருந்து பார். பிறகு கையை வை."

பார்த்தேன். மோட்டாரில் ஒன்றுமில்லை. நான் பார்த்த ஒழுங்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் மோட்டாரை நிறுத்திப் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். பெடலைச் சுற்றும்போது மோட்டார் உயிர் பெற்றால் விரல் செயினில் அகப்படும்.

அடுத்து, சைக்கிளின் பின்னால் குந்தியிருந்து பாருங்கள். பின் சக்கரத்தருகே தொங்கி, செயினை ஒரு பல்லுச் சக்கரத்திலிருந்து மற்றதற்குத் தள்ளும் பாகத்தைக் கியர் கை என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள இரண்டு சிறு சில்லுகளும் பல்லுச் சக்கரத்துக்கு நேர் கீழே, ஒரே கோட்டில் நிற்க வேண்டும். என்னுடையது உள்பக்கம் சாய்ந்திருந்தது. லயத்து வாசலில் நிறுத்திய சைக்கிள் காற்றில் கியர் பக்கமாக விழுந்த நாளிலிருந்துதான் தொல்லை தொடங்கியது என்பது அப்போதுதான் விளங்கியது. கியர் கை தொங்கும் இரும்புக் காது வளைந்திருந்தது. இது ஆபத்தானது. பெரிய பல்லுக்கு மாற்றும்போது கியர் கை கம்பிகளுக்குள் போய்ச் சக்கரத்தையே இறுக்கிவிடும்.

மூன்றாவது, கேபிள். மழையும் பனிமூட்டமும் உள்ள இந்த ஊரில் கேபிள் உறைக்குள் துரு பிடிக்கிறது. கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டும் இறுக்கம் போகாவிட்டால் கேபிளையும் உறையையும் மாற்றுங்கள். கேபிள் இலகுவாக ஓடியும், செயின் பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால், கேபிள் கியர் கைக்குள் நுழையும் இடத்திலுள்ள சிறு உருளையைக் கால் சுற்று இடப்பக்கம் திருகுங்கள். சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலப்பக்கம். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் சோதித்துப் பாருங்கள்.

நான்காவது, செயினின் தேய்வு. தையல்காரிக்கு இது சுலபம். துணி நாடா வேண்டாம். இரும்பு அடிமட்டத்தை எடுங்கள். ஒரு ஆணியின் நடுவிலிருந்து 12 அங்குலம் அளந்தால், புதுச் செயினில் அந்தக் கோடு இன்னொரு ஆணியின் நடுவில் சரியாக விழும். அந்த ஆணி 16இல் ஒரு பங்கு அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றும் நேரம். 8இல் ஒரு பங்கு தள்ளினால் பல்லுச் சக்கரமும் தேய்ந்திருக்கும்.

தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் ஸ்பனரால் காதை மெல்ல நிமிர்த்தித் தந்தார். இரும்புச் சட்டமானபடியால் முடிந்தது. அலுமினியக் காது நிமிர்த்தும்போது உடைந்துவிடக்கூடும், உடைந்தால் மாற்றத்தான் வேண்டும். புதுக் கேபிளும் செயினும் போட்டோம். மோட்டார் விலையில் சிறு பங்குகூட ஆகவில்லை.

ஆனால் பாதித் தவறு என்னுடையது. பெடல் அச்சில் பூட்டிய மோட்டார், தன் பலத்தையும் நம் கால் பலத்தையும் ஒரே செயின் வழியாகத்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறது. ஏற்றத்தில் அந்த இழுவையோடு கியரை மாற்றினால் செயின் துள்ளும், பல் தேயும், சில வேளை செயின் அறும். ஆகவே ஏற்றம் தொடங்கும் முன்பே இலகுவான கியருக்கு வந்துவிடுங்கள். இடையில் மாற்ற வேண்டி வந்தால், பிறேக் பிடியை இலேசாகத் தொட்டால் மோட்டார் நிற்கும் வசதி பல சைக்கிள்களில் உண்டு. மோட்டார் நின்ற அந்தக் கணத்தில் கால் அழுத்தத்தைக் குறைத்து, பெடலை மெதுவாகச் சுற்றியபடி மாற்றுங்கள்.

பின் சக்கரத்துக்குள் மோட்டார் உள்ள சைக்கிளில் அந்த இழுவை செயினில் வராது. ஆனால் சக்கரத்தை மாற்றிப் பூட்டும்போது பல்லுகளின் இடம் சற்று விலகும். கியரைப் புதிதாகச் சரிசெய்த பிறகே பணம் கொடுங்கள்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுகிறேன். மூத்த மகள் அருகில் குந்தியிருந்து பார்க்கிறாள். சென்ற மாதம் அவளே கேபிளைச் சரிசெய்தாள். போரில் அப்பாவின் கடையும் ஆயுதங்களும் போய்விட்டன. அவர் சொல்லித் தந்தது போகவில்லை.

சகோதரிகளே, உங்கள் தையல் மெசினானாலும் தண்ணீர்ப் பம்பானாலும் சைக்கிளானாலும், "போய்விட்டது" என்று யாராவது சொன்னால் உடனே காசை எடுக்காதீர்கள். முதலில் குந்தியிருந்து பாருங்கள்.