தினமும் கடைக்கு ஓடாதீங்க! வாரப் பட்டியல் போட்டால் காசு மிச்சம்

சென்னை: காய்கறி விலை ஏறும்போதெல்லாம் முதல் அடி தினக்கூலி குடும்பங்களுக்குத்தான். "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று தினமும் கடைக்கு ஓடினால், கையில் இருப்பது கரைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமையே 7 நாள் சமையலையும் எழுதி வையுங்கள். ரேஷனில் ரூ.30-க்கு கிடைக்கும் 1 கிலோ துவரம் பருப்பை நாலாகப் பிரித்தால் வாரம் கால் கிலோ. 4 பேர் வீட்டுக்கு 2 நாள் சாம்பார் உறுதி.

சீக்கிரம் வாடும் கீரை, வெண்டைக்காயை முதல் 2 நாளில் முடித்துவிடுங்கள். அடுத்து கத்தரிக்காய், அவரைக்காய். உருளைக்கிழங்கு, சேனைக்கிழங்கு வாரக் கடைசிக்கு. காய் தீர்ந்த நாளில் மொச்சைக் குழம்போ, கருவாடோ கைகொடுக்கும்.

பட்டியலில் இல்லாததை வாங்காதீங்க. அழுகி குப்பைக்குப் போற காயும் காசுதானே!