அத்திம்பேரின் ஹெரால்டு

வலியசாலை அக்ரகாரத்து வீடுகளில் திண்ணை உண்டு, ரேழி உண்டு, கூடம் உண்டு, கொல்லை உண்டு. கார் நிறுத்த மட்டும் இடம் கிடையாது. கட்டியவர்கள் அதையெல்லாம் நினைத்துப் பார்த்திருக்க நியாயமில்லை. அப்படிப்பட்ட தெருவுக்கு 1969-இல் என் அத்திம்பேர் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் வஞ்சியூர் கோர்ட்டில் வக்கீல். எனக்கு அப்போது பதினொரு வயது. தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்க்க, தெருமுனையில் அவர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியை ஒரே வீச்சில் திருப்பினார். அம்பாசடர்காரர்கள் முன்னும் பின்னும் நாலு தடவை எடுக்க வேண்டிய இடம் அது. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். பின்னாளில் நான் டிப்ளமோ படித்து ரயில்வேயில் சேர்ந்ததற்கு அந்த ஒரு திருப்பலும் காரணம் என்று நினைக்கிறேன்.

அத்திம்பேர் 1997-இல் காலமானார். மருமான் இரண்டு வருஷம் காலேஜுக்கு ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு 1999-இல் அமெரிக்கா போனான். கார் கொல்லைப்புறச் சந்தில் ஓட்டுக் கொட்டகைக்குள் போயிற்று. நான் பொன்மலைப் பட்டறையிலும் வேறு இடங்களிலும் வேலை பார்த்து, 2018-இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது அது தார்ப்பாய்க்கு அடியில் அப்படியே இருந்தது. இரண்டு மழைக்காலமும் கடற்காற்றும் உள்ள ஊர் நம்முடையது. 22 வருஷத்தில் இரும்புக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய இரும்புக்காரர் கிலோக் கணக்கில் விலை சொன்னார். மருமான் போனில், "மாமா, கொடுத்துடுங்கோ, கொட்டகையாவது காலியாகும்" என்றான். அக்கா மட்டும் ஒன்றும் பேசவில்லை. 2021-இல் ஒரு நாள் சாவியை என் கையில் கொடுத்து, "ஒரு தடவை உக்காந்துண்டு சுசீந்திரம் போயிட்டு வந்தாப் போதும்டா. அப்பறம் நீ என்ன வேணா பண்ணு" என்றாள். அவளுக்கு அப்போது 77 வயது. அவசரம் எனக்குப் புரிந்தது.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்தக் காரின் பெயரே தெரியாது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-இல் சென்னையில் தொடங்கிய கம்பெனி. தொழிற்சாலை வண்டலூர்ப் பக்கம். நாட்டில் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே சாதிக் கார்கள் இருந்த காலத்தில், தென்னாட்டுப் பிள்ளை இது ஒன்றுதான். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்தது, 1961 முதல் நம் ஊரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று. வடிவம் இத்தாலியரான ஜியோவன்னி மிகெலோட்டியுடையது. இதே சேஸிஸைக் கொஞ்சம் குறுக்கி, அவரே உருவம் கொடுத்துத்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. ஆகவே எங்கள் ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காரின் கூடப்பிறந்த அக்கா என்று நான் சொன்னால் யாரும் சிரிக்கக் கூடாது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் மாற்றியமைத்த ஹெரால்டுகள் பறந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான்கு கதவு வைத்த ஹெரால்டு இங்கிலாந்துக்காரனுக்குக் கிடைக்கவில்லை. அது நம் சென்னையின் சொந்தச் சரக்கு. எங்களுடையது அந்த வகை. கம்பெனி 1988-இல் உற்பத்தியை நிறுத்தியது. பிறகு உதிரிபாகம் என்றால் புதுப்பேட்டைதான் கதி.

பழுது பார்க்கிறவனுக்கு இந்த வண்டியைப் போல உபகாரம் செய்த வண்டி வேறில்லை. சேஸிஸ் தனி, பாடி தனி. பாடியையும் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். முன்பக்கத்து பானெட், மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே பெட்டி மூடியாக முன்னால் கவிழ்ந்துவிடும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு 948 சி.சி. எஞ்சினைக் கழற்றலாம். இடுப்பு வலிக்காது. எங்கள் ரயில் எஞ்சின்களை வடிவமைத்தவர்களுக்கு இந்த இரக்கம் இருந்ததில்லை.

முதல் தவற்றை நானே செய்தேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நின்றுபோன எஞ்சின் என்றால் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, நாலு நாள் ஊறவைத்து, கையால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். பொன்மலையில் எத்தனை பயிற்சிப் பையன்களுக்கு இதைச் சொல்லியிருப்பேன்! அன்றைக்கு அக்கா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே நாளும் ஊறவில்லை. தெருப் பையன்கள் நாலு பேரை விட்டுத் தள்ளச் சொல்லி, இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டேன். சக்கரம் தேய்ந்து இழுபட்டது, பிறகு 'கடக்' என்று ஒரு சத்தம். துருவில் ஒட்டியிருந்த பிஸ்டன் ரிங் ஒன்று உடைந்து சிலிண்டர் சுவரைக் கீறிவிட்டது. ரீபோர் பண்ணி, அளவு கூடிய பிஸ்டன் தேடிப் பிடித்துப் போட ஏழு மாதம் போயிற்று. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் பெயிண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பழைய வெளிர் நீலமா, மருமான் விரும்பும் சிவப்பா என்று. அக்கா மட்டும், "ஓடறது சரிடா, சக்கரம் கழண்டு விழாதே?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு உறைத்தது.

ஹெரால்டின் முன்சக்கரத்தை ஓர் எஃகுத் தண்டு தாங்குகிறது. அதன் அடிநுனியில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, டிரன்னியன் என்கிற பித்தளைக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு கட்டைக்குள் சுழலும். வண்டி முன்பாரம் முழுக்க அந்த மரையின் மேல். அதற்கு 90 நம்பர் கியர் எண்ணெய்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் அது கட்டிப்பட்டுக் கீழே இறங்காது. மழைநீர் உள்ளே தங்கி மரையை அரிக்கும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள், பெரும்பாலும் வளைவில், தண்டு முறிந்து சக்கரம் மடங்கிக் கவிழும்.

அத்திம்பேரின் மேஜை டிராயரில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. வக்கீல் கையெழுத்து. பெட்ரோல், மைல் கணக்கு, டயர் எல்லாம் தேதி போட்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் ஒரு வரி: 'டிரன்னியன், எண்ணெய். கிரீஸ் கூடாது.' 28 வருஷம் எழுதியிருக்கிறார். அவர் போன பிறகு அந்தப் புத்தகத்தை யாரும் திறக்கவில்லை. போனில் மருமானைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒர்க்‌ஷாப்ல கிரீஸ் அடிச்சுக் குடுப்பா மாமா. நானும் நல்லதுன்னு நெனச்சேன்" என்றான். பாவம், இருபது வயதுப் பையனுக்கு யார் சொன்னார்கள்?

இரண்டு தண்டுகளையும் கழற்றித் துருவைப் போக்கினேன். பார்வைக்கு மோசமில்லை. ரயில்வேயில் கண்ணை நம்பக் கூடாது என்று பழகியவன் நான். விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயம் வாங்கி வந்து பூசி, ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடித் திரவம் அடித்தேன். உள்ளே விரிசல் இருந்தால் சாயம் அதற்குள்ளிருந்து கசிந்து வெள்ளையின் மேல் கோடு போடும். வலப்பக்கத்துத் தண்டில் மரை தொடங்கும் இடத்தில், தண்டைச் சுற்றி முக்கால் பங்குக்கு, குங்குமக் கோடு மாதிரி ஒரு சிவப்பு மெல்ல எழும்பி வந்தது. அதில்தான் அக்காவை உட்கார வைத்துச் சுசீந்திரம் போவதாக இருந்தேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு பட்டறையில் வெல்டு வைத்துத் தருகிறேன் என்றார்கள். அந்த இடத்தில் வெல்டு வைப்பவனும் சரி, வைக்கச் சொல்பவனும் சரி, தன் வீட்டுப் பிள்ளையை அதில் ஏற்றமாட்டான். மருமான்தான் கைகொடுத்தான். ஸ்பிட்ஃபயர் அமெரிக்காவில் ஏராளமாக விற்ற கார், அதற்கு இன்றும் புதிதாக உதிரிபாகம் செய்கிறார்கள். முன்சக்கர அமைப்பு ஒரே குலம். எங்கள் டிரம் பிரேக்குக்குப் பொருந்துமா, இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசையில் இருக்கிறதா என்று அளவெல்லாம் சரிபார்த்து, இரண்டு பக்கத்துக்கும் புதிதாக அனுப்பினான். தங்கையின் நகை அக்காவுக்கு வந்து சேர்ந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கதவுக்கடியில் ஓடும் சேஸிஸ் கிளைகள் இற்றுப்போயிருந்தன, வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தோம். டாங்கில் பழைய பெட்ரோல் கோந்தாகியிருந்தது. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலப்பதால், பழைய ரப்பர் குழாய்களை எல்லாம் தூக்கியெறிந்து அதைத் தாங்குகிற குழாய் போட்டேன். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பதிவு விஷயத்திலும் ஒரு வார்த்தை. 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் பதிவு கொண்டுவந்தது. கௌரவம்தான், ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். சுசீந்திரம் கோயில் அந்தப் பட்டியலில் இல்லை! ஆகவே சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டேன். கே.எல்.டி. என்று தொடங்கும் பழைய நம்பரும் அப்படியே இருக்கிறது.

2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, அக்காவை முன்சீட்டில் ஏற்றிக் கிளம்பினேன். கிள்ளிப்பாலம், கரமனைப் பாலம், பாப்பனங்கோடு, நேமம் வரை. 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. அக்கா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து தெருமுனையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். ஒரே வீச்சில் திரும்பியது. இறங்கும்போது, "அவர் இவ்வளவு மெதுவா ஓட்டமாட்டார்" என்றாள்.

சுசீந்திரம் இன்னும் பாக்கி. போக 70 கிலோமீட்டருக்கு மேல். ரேடியேட்டர் கொஞ்சம் சூடேறுகிறது, அதைச் சரிசெய்துவிட்டால் கிளம்பிவிடலாம். நோட்டுப் புத்தகத்தில் இப்போது நான் எழுதுகிறேன். இடப்பக்கத்துப் பின்கதவின் உள்கைப்பிடி ஒன்று மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. சங்கத்து அன்பர்கள் யாருடைய வீட்டுப் பரணிலாவது பழைய நான்கு கதவு ஹெரால்டின் சாமான் கிடந்தால், நூலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.