ரவிக்கைக் காகிதமும் கடைசல் பட்டறையும்

ஆத்தூர் என்றதும் எல்லோருக்கும் வெற்றிலைதான் ஞாபகம் வரும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் கொடிக்கால் இல்லை. கொல்லைப்புறத்தில் ஒரு கடைசல் பட்டறை உண்டு. சப்பாத்திக்கட்டை, மத்து, கட்டில் கால், தொட்டில் கால் என்று என் வீட்டுக்காரர் கடைந்து கொடுப்பார். மரத்தூளைக் கூட்டி அள்ளுவது மட்டும்தான் அங்கே என் வேலை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொட்டிலுக்கு நாலு கால் கேட்டு வந்தார்கள். பேரனைத் தொட்டிலில் போடும் நாள் குறித்தாகிவிட்டது. நல்ல பூவரச மரம். காலை வாங்க வந்த பெரியவர் நாலையும் வரிசையாக நிறுத்திப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது நாலு கால் இல்ல, ரெண்டு ஜோடி" என்றார். இரண்டு காலில் கழுத்து கால் அங்குலம் கீழே இறங்கியிருந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அன்று ராத்திரி இவர் சாப்பிடவில்லை. "கண்ணு முன்ன மாதிரி இல்ல. மெஷின வித்திருவோம்" என்றார்.

நாற்பது தாண்டினால் வருகிற வெள்ளெழுத்துதான். கண்ணுக்குள் இருக்கிற வில்லை வயதாக ஆக இறுகிப்போய், பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. டாக்டரிடம் பார்த்துக் கண்ணாடி போட்டால் போதும். இவரைக் கண்ணாடி போட வைக்க நான் பட்ட பாடு தனிக் கதை! ஆனால் கண்ணாடி போட்ட பிறகும் அளவு தவறத்தான் செய்தது. ஒவ்வொரு காலுக்கும் புதுசாக ஸ்கேல் வைத்து, பென்சிலால் குறித்து... எட்டு இடத்தில் குறிக்கணும் என்றால் நாலு காலுக்கு முப்பத்திரண்டு தடவை அளக்கணும். எங்கேயாவது ஒன்று பிசகாமல் இருக்குமா?

ஒருநாள் ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாம் ஒவ்வொரு ரவிக்கைக்கும் டேப்பைப் பிடித்துக்கொண்டா நிற்கிறோம்? ஒரு தடவை காகிதத்தில் வெட்டி வைத்துக்கொண்டால் அதை வைத்தே எத்தனையும் வெட்டலாமே. "இங்க பாருங்க, உங்க தொட்டில் காலுக்கும் ஒரு காகிதம் வெட்டுவோம்" என்றேன். சிரித்தார். ஆனால் மறுநாள் பிளைவுட் துண்டு ஒன்றை அவரே எடுத்து வந்தார்.

அதுதான் எங்கள் ஆணிக்கட்டை. கால் நீளத்துக்கு ஒரு பிளைவுட் பட்டை. எங்கெங்கே உருண்டையும் பள்ளமும் ஆரம்பிக்குமோ, அங்கெல்லாம் பட்டையின் விளிம்பில் சின்ன ஆணி. துளை போட்டுவிட்டு அடித்தால் பட்டை பிளக்காது. தலையை வெட்டிவிட்டு முனையை அரத்தால் கூராக்கணும். எல்லா முனையும் ஒரே மட்டமாக இருக்கணும், இதில் சோம்பல் கூடாது. கட்டையை முதலில் உருண்டையாக்கிவிட்டு, உளி சாய்க்கிற இரும்புத் தாங்கலில் பட்டையைப் படுக்க வைத்து, லேசாகத் தொட்டபடி கட்டையை ஒரு சுற்றுச் சுற்றினால் எட்டுக் கோடும் ஒரே சமயத்தில் விழுந்துவிடும். நாங்கள் மெஷினை நிறுத்தி, கையால்தான் சுற்றுகிறோம். சதுரக் கட்டையில் வைத்தால் ஆணி மாட்டிக்கொள்ளும்.

பருமனுக்கு காலிப்பர் இருக்கிறது. ஆனால் அதை நிமிஷத்துக்கு ஒரு தடவை மாற்றி மாற்றித் திருக வேண்டும். அதற்குப் பதில் பிளைவுட் துண்டுகளில் இரண்டு அங்குலம், ஒன்றரை, ஒன்று என்று வாய் வெட்டி வைத்தோம், ஸ்பானர் மாதிரி. மெஷினை நிறுத்தி மாட்டிப் பார்த்தால் சரியாக உட்காரணும். எது எதுவென்று தெரிய என் மகளின் நகப்பாலிஷைத் தடவிவிட்டேன். சிவப்பு பெரியது, நீலம் சின்னது. மங்கின கண்ணுக்கு எண்ணை விட நிறம் சீக்கிரம் தெரியும்.

மத்து இன்னும் தொல்லை. அதன் தலையில் எட்டு இதழ் வெட்டணும். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசாகப் போகும். ஒரு காகிதப் பட்டையைத் தலையைச் சுற்றி வைத்து, முனை சேருகிற இடத்தில் வெட்டி, மூன்று தடவை சரிபாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுப் பங்கு வந்துவிடும். ஆறு இதழ் வேண்டுமென்றால் காம்பஸை வட்டத்தின் ஆர அளவுக்கு விரித்து விளிம்பில் நடத்தினால் ஆறே எட்டில் வட்டம் முடிந்துவிடும். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மத்து வெட்ட உதவும் என்று அப்போது யார் சொன்னார்கள்! மோர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் ஒரே சொல்தானே? மின்சாரம் வருமுன் கயிறு இழுத்துத்தான் மரமும் கடைந்தார்கள்.

இதே தாமிரபரணியின் மேற்கே அம்பாசமுத்திரத்தில் குழந்தைகளுக்குச் சொப்புச் சாமான் கடைகிறார்கள். சுற்றுகிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசுகிற சூட்டிலேயே அது உருகி நிறம் ஏறிவிடும். அந்தச் சின்னக் குடத்துக்கு மூடி பொருந்துகிற அழகைப் பார்த்தால், அளவில் இவ்வளவு கவனம் எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பட்டறைக்குள் போகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகுங்கள், பின்னலைக் கொண்டையாக முடியுங்கள், வளையலையும் தொங்குகிற சங்கிலியையும் கழற்றி வையுங்கள். கையுறை மட்டும் கூடவே கூடாது. சுற்றுகிற கட்டை அதைக் கவ்வினால் கையும் சேர்ந்து போகும். மரத்தூள் நெஞ்சுக்கு ஆகாது. கொரோனா சமயத்தில் வாங்கிய மாஸ்க் மிச்சமிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் மறைப்பு வேண்டும்.

அந்தப் பெரியவருக்கு வேறு இடத்திலிருந்து தொட்டில் வந்துவிட்டது. போன தை மாதம் இன்னொரு பேரனுக்காக மறுபடி நம்மிடமே வந்தார். நாலு காலையும் வரிசையாக நிறுத்தி, கழுத்துக்குக் கழுத்து ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, பணத்தை எண்ணி என் கையில் கொடுத்தார். பட்டறைச் சுவரில் இப்போது பதினோரு ஆணிக்கட்டை தொங்குகிறது. ஒவ்வொன்றிலும் எந்தச் சாமானுக்கு என்று என் கையெழுத்தில் பெரிசாக எழுதியிருக்கிறது, இவர் கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவுக்கு.