கூப்பிட்ட குரல் வீணாகக் கூடாது

சென்ற மாதம் ஒரு மாலை. செம்பனைக் குலை விழுந்து ஒரு தொழிலாளிக்குத் தோளில் பலத்த அடி. அவர் மனைவி நம் சங்கக் கிளைக்கு மூன்று தடவை போன் அடித்திருக்கிறார். எடுக்க ஆளில்லை. நாங்கள் வேறொரு தோட்டத்தில் கூட்டத்தில் இருந்தோம். விபத்தை 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதைக் கேட்டு நடத்த வேண்டிய நாங்களே மறுநாள்தான் சேதி அறிந்தோம். வெட்கமாகப் போய்விட்டது.

கிளையில் இருப்பது இணையத் தொலைபேசி. அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதி அதில் உண்டு. நாங்கள்தான் போட்டு வைக்கவில்லை.

லயம் மாறிப் போகிறவர் கிராணியிடம், "கடுதாசி வந்தா புது வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவாரே, அதே கதைதான் இது. இங்கே கிராணி வேலையைச் செய்வது சர்வர் என்னும் கணினி. "நான் இங்கே இருக்கிறேன்" என்று போன் அதில் பதிந்து கொள்கிறது. அழைப்பு வந்ததும் சர்வர் நாம் சொல்லி வைத்ததைப் பார்க்கிறது: எப்போதும் திருப்புவதா, லைன் பிஸியானால் மட்டுமா, இத்தனை விநாடி எடுக்காவிட்டாலா, இணையம் அறுந்தாலா?

தோட்டப்புறத்தில் கடைசி வகைதான் உயிர். மின்சாரம் போனாலும் சர்வர் வேறிடத்தில் விழித்திருக்கும். ஆனால் கட்டளையைப் போனுக்குள்ளேயே வைத்தால், போன் செத்ததும் கட்டளையும் செத்தது! ஆகவே சர்வரில் வையுங்கள். இன்னொன்று: திருப்பிய தூரத்துக்கான கட்டணம் பொதுவாகத் திருப்பிவிட்டவர் தலையில்தான்.

இதே வசதியை மோசடிக்காரனும் பயன்படுத்துகிறான், தோழர்களே! "வங்கியிலிருந்து பேசுறோம், இதை அழுத்துங்க" என்று **21* என்று தொடங்கும் எண்ணைச் சொல்வான். அழுத்தினால் உங்கள் கைப்பேசிக்கு வரும் அழைப்பெல்லாம் அவனுக்குப் போகும். வங்கியோ வாட்ஸ்அப்போ குரலில் சொல்லும் ரகசிய எண்ணும் சேர்ந்துதான். பாடுபட்டுச் சேர்த்த காசு போய்விடும். சந்தேகம் வந்தால் *#21# அழுத்திப் பாருங்கள். ரத்து செய்ய ##21#. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 997.

நம் கிளை எண் இப்போது எங்கள் கைப்பேசிக்குத் திரும்புகிறது. எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். எடுக்கிறோம்.